கல்பனா சாவ்லா (1962 - 2003)

இந்தியாவின் ஹரியானா மாநிலத்திலுள்ள கர்னால் நகரில் 1962 மார்ச் 17இல் கல்பனா சாவ்லா பிறந்தார். பாடசாலையிற் சேர்க்கப்பட்டபோது தமது பெயரைத் தாமே தெரிவு செய்தார் என்பர். பத்தாந்தரப் பரீட்சைக்கு வயது போதாமையால் ஆவணங்களில் அவரது பிறந்த திகதி 1961 ஜூலை 1 எனப் பதியப்பட்டது. நூல்களில் இரு திகதிகளும் காணப்படுவதன் காரணம் இதுவே; மாணவர் குழம்ப வேண்டியதில்லை.

சண்டிகரிலுள்ள பஞ்சாப் பொறியியற் கல்லூரியில், அக்காலத்தில் பெண்கள் அரிதாகவே நாடிய வானூர்திப் பொறியியலைக் கற்று 1982இல் பட்டம் பெற்றார். பின் அமெரிக்கா சென்று 1988இல் கலாநிதியானார். 1994இல் நாசா நிறுவனம் அவரை விண்வெளி வீராங்கனையாகத் தெரிவு செய்தது.

1997 நவம்பரில் கொலம்பியா விண்ணோடத்தில் முதன்முறை பறந்தார். அப்பயணத்தில் அவர் இயந்திரக் கையால் வெளியே விட்ட ஸ்பார்ட்டன் செய்மதி செயலிழந்து சுழன்றது. சக வீரர் இருவர் விண்வெளியில் இறங்கி அதனைக் கையாற் பிடிக்க நேர்ந்தது. பழி கல்பனா மேல் விழுந்தது. ஆனால் மென்பொருளிலும் நடைமுறைகளிலும் இருந்த குறைகளே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. பின்னர் இரண்டாவது பயணம் அவருக்குக் கிடைத்தது.

2003 ஜனவரி 16இல் அதே கொலம்பியா மீண்டும் எழுவருடன் புறப்பட்டது. ஏறத்தாழ 82 செக்கனில், வெளி எரிபொருள் தாங்கியிலிருந்து கழன்ற நுரைக் காப்புத் துண்டொன்று இடது இறக்கையின் முன்விளிம்பைத் தாக்கியது. அதன் நிறை ஒரு கிலோகிராமிலும் குறைவு. எனினும் விண்ணோடத்தின் வேகத்தால் மோதல் கடுமையாயிற்று. மோதியதை மறுநாளே ஒளிப்படங்களிற் கண்ட பொறியியலாளர் சிலர், சேதத்தை அறிய மேலும் படங்கள் வேண்டுமென்றனர். மேலாளர்கள் இணங்கவில்லை. பதினாறு நாட்களும் வீரர்கள் ஆய்வுகளை வழமைபோல நடத்தினர்.

பெப்ரவரி 1இல் பூமிக்குத் திரும்புகையில் அத்துவாரத்தின் வழியே வெப்பம் உட்புகுந்தது. (உராய்வு மட்டுமே காரணம் எனப் பலர் எழுதுவர். விண்ணோடத்தின் முன்னே வளி திடீரென அமுக்கப்படுவதே வெப்பத்திற்கு முதன்மைக் காரணம்.) இறக்கையின் உள்ளிருந்த அலுமினியச் சட்டகம் உருகியது. ரெக்சாஸ் மாநிலத்தின் மேலே, ஏறத்தாழ 60 கிலோமீற்றர் உயரத்தில் கொலம்பியா சிதறியது. எழுவரும் மாண்டனர். தரையிறங்க இன்னும் 16 நிமிடங்களே இருந்தன. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகு செல்லும் நேரமளவுதான்.

முந்திய ஆண்டில் இந்தியா ஏவியிருந்த வானிலைச் செய்மதிக்கு, நான்கு நாட்களின் பின் கல்பனா-1 எனப் பெயரிடப்பட்டது.