குதிரைக்காக எழுதிய அன்னா சூவெல்

எமது பாடசாலையில் ஆண்டு விழாவுக்கு முன்னர் பேச்சுப் போட்டி நடைபெறுவதைப் பெற்றோர் யாவரும் அறிவர். இம்முறை மத்திய பிரிவு மாணவருக்கு விலங்குகள் பற்றிய தலைப்புகள் வழங்கப்பட்டன. குதிரையைத் தெரிந்தெடுத்த மாணவி ஒருத்தி முதற் பயிற்சியன்றே இரண்டு பக்கப் பேச்சுடன் வந்தாள். குதிரைக்கு நான்கு கால்கள் உண்டு, அது புல்லும் கொள்ளும் உண்ணும், வேகமாக ஓடும் என்று அப்பேச்சு சென்றது. தந்தையார் எழுதிக் கொடுத்தது என்பது முதல் வரியிலேயே விளங்கிற்று. அதிற் பிழையேதும் இல்லை. ஆயினும் பேசிய பிள்ளையே இடையிற் கொட்டாவி விட்டாள். குதிரையைப் பற்றிப் பேசுவதை விடுத்து, குதிரைக்காகப் பேசிய ஒருவரைப் பற்றிப் பேசலாமே என்று நாம் கூறினோம். நெடுந்தீவிலே திரியும் குதிரைகளைத் தவிர வேறு குதிரைகளை ஊரில் நாம் அதிகம் கண்டதில்லை. ஆதலால் நாமும் நூலகத்திற் படித்தே அவளுக்கு இவ்வரலாற்றைச் சொன்னோம்.

அன்னா சூவெல் அம்மையார் 1820 மார்ச் 30ஆம் நாள் இங்கிலாந்தின் நோர்ஃபோக் மாவட்டத்திலுள்ள கிரேட் யார்மத் என்னும் கடற்கரை நகரிற் பிறந்தார். பெற்றோர் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். எளிமையையும் உயிர்களிடத்து அன்பையும் வாழ்நெறியாகக் கொண்டவர்கள். தந்தையார் ஐசக்குக்கு வணிகம் கைகூடவில்லை. குடும்பம் வீடு மாறி வீடு மாறி வாழ்ந்தது. தாயார் மேரியே அன்னாவுக்கும் தம்பி பிலிப்புக்கும் வீட்டிற் பாடம் சொல்லிக் கொடுத்தார். பன்னிரண்டு வயதளவிலேதான் அன்னா பள்ளிக்கூடம் செல்லத் தொடங்கினார்.

அந்த மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. பதினான்கு வயதில் ஒரு மழை நாளிற் பள்ளியிலிருந்து வீடு திரும்புகையில் வழுக்கி விழுந்தார். இரு கணுக்கால்களும் பழுதுற்றன. அக்கால வைத்தியத்தால் அவை குணமாகவில்லை. அன்று முதல் வாழ்நாள் முழுவதும் அவரால் நெடுநேரம் நிற்கவோ நடக்கவோ இயலவில்லை. எமது மாணவி கதை கேட்கத் தொடங்கியது இவ்விடத்திலேதான். அவளுக்கும் வயது பதினான்கு.

நடக்க இயலாதவருக்குக் குதிரைகளே கால்களாயின. சிறு வண்டியைத் தாமே ஓட்டிச் சென்று தந்தையாரைப் புகைவண்டி நிலையத்தில் இறக்கி விடுவதும் அழைத்து வருவதும் அவர் வேலை. நாள்தோறும் குதிரையின் பின்னே அமர்ந்திருந்தவர், அது களைப்பதையும் அஞ்சுவதையும் வலியாற் காதை மடிப்பதையும் கவனித்தார். தெருவிலே பிற வண்டிக் குதிரைகள் படும் துன்பத்தையும் கண்டார்.

அக்காலத்துச் செல்வர் தம் வண்டிக் குதிரைகள் தலை நிமிர்ந்து கம்பீரமாகத் தோன்ற வேண்டுமென விரும்பினர். அதற்காக வாயிரும்பிலிருந்து ஒரு வாரை இழுத்து முதுகுச் சேணத்தோடு கட்டினர். பாரம் இழுக்கும் உயிர் மேட்டில் ஏறும்போது தலையைத் தாழ்த்தியே வலுவெடுக்கும். இந்த வாரோ அதனைத் தடுத்தது. கழுத்து நொந்தது, மூச்சு முட்டியது. பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் அழகு. எமது சமூகத்திலும் ஊர் மெச்ச வேண்டுமென்று பிள்ளைகளின் கழுத்தை நிமிர்த்திக் கட்டுவோர் உளர். அது வேறு கதை.

அம்மையார் இடையில் விக் என்ற ஊரில் வாழ்ந்த காலத்திலே தாயாருடன் சேர்ந்து தொழிலாளருக்கு மாலை வகுப்பு நடத்தினார். பின்னர் 1867இல் நோரிச் நகரை அடுத்த ஓல்ட் கற்றனுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே 1871இல், நோய் முற்றிய நிலையிற் கதை எழுதத் தொடங்கினார். இயன்ற நாட்களிற் சிறு துண்டுத் தாள்களிற் பென்சிலால் எழுதினார். இயலாத நாட்களில் வாயாற் சொன்னார். தாயார் அவற்றைப் பிரதி செய்தார். ஒரே நூலுக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. அதுவே பிளாக் பியூட்டி.

கறுப்புக் குதிரை ஒன்று தன் கதையைத் தானே சொல்வதாக அந்நூல் அமைந்தது. இன்று அதைச் சிறுவர் நூல் என்கின்றனர். ஆனால் அம்மையார் குதிரைக்காரரையும் வண்டியோட்டுவோரையும் மனத்திற் கொண்டே எழுதினார். ஜிஞ்சர் என்னும் பெண்குதிரை முரட்டுக் குதிரையானது மனிதர் செய்த கொடுமையாலே என்பதையும், அது இலண்டன் வாடகை வண்டியில் உழைத்து மாய்வதையும் படித்து அழாத பிள்ளைகள் அரியர்.

நோரிச் நகர ஜரோல்ட் நிறுவனத்தார் 1877 நவம்பர் 24ஆம் நாள் நூலை வெளியிட்டனர். அம்மையார் பெற்ற தொகை 40 பவுண். ஐந்து மாதங்களில், 1878 ஏப்ரில் 25ஆம் நாள், தமது 58ஆவது வயதில் அவர் காலமானார். பின்னர் 1890இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஏஞ்சல் என்னும் சட்டத்தரணி அதனை அச்சிட்டுக் குதிரை ஓட்டுவோருக்கு இலவசமாகவும் வழங்கினார். நூல் பல மொழிகளிற் சென்று, கோடிக்கணக்கில் விற்பனையாயிற்று. கழுத்து வாரின் வழக்கம் ஒழிய அந்நூலும் பெருந்துணை புரிந்தது. இவற்றுள் எதனையும் அம்மையார் காணவில்லை.

இறுதி ஊர்வலத்துக்கு வந்த குதிரைகளின் கழுத்திலும் அந்த வார் பூட்டப்பட்டிருந்தது. அதைக் கண்ட தாயார், எண்பது வயதைக் கடந்த அம்மூதாட்டி, அவற்றைக் கழற்றச் செய்த பின்னரே வண்டிகளைப் புறப்பட விட்டார். லாமஸ் என்ற சிற்றூரின் குவேக்கர் மயானத்தில் அடக்கம் நடைபெற்றது. அம்மயானம் 1984இல் இயந்திரம் கொண்டு நிரவப்பட்டது. கல்லறைக் கல் மட்டும் அருகிலுள்ள மதிலிற் பதிக்கப்பட்டது.

மூன்று நிமிடப் பேச்சுக்கு இவ்வளவும் மிகை. எதை விடுவது என்று கேட்டபோது, பிறந்த திகதியை விடலாம், தாயார் வாரைக் கழற்றியதை விட முடியாது என்று மாணவியே முடிவு செய்தாள். தாம் எழுதியது கைவிடப்பட்டதில் தந்தையாருக்குச் சிறிது மனத்தாங்கல். அவர் இரவில் மினிகாப் ஓட்டுபவர். கதையில் வரும் ஜெரி பார்க்கர் என்னும் வாடகை வண்டிக்காரனைப் பற்றி அவரிடம் நாம் சொன்னோம். புத்தாண்டு இரவிற் பனியிலே வாடிக்கையாளருக்காகக் காத்து நின்று நோயுற்றுத் தொழிலை இழந்தவன் அவன். அவனுடைய பிள்ளைகள் பின்னர் என்ன ஆனார்கள் என்று அவர் கேட்டார். நாட்டுப்புறத்தில் ஓர் அம்மையாரிடம் அவனுக்கு வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கே சென்றான் என்றோம். மறுவாரப் பயிற்சியில் அந்த வண்டிக்காரனுக்கும் இரண்டு வரிகள் சேர்ந்திருந்தன. கையெழுத்து தந்தையாருடையது.