ஒரே கடவுளுக்காக ஐந்து முறை ஊர் துறந்தவர்
புனித அத்தனாசியார்



காலையில் எழுந்ததும் சிலுவை அடையாளம் வரைகிறோம். உணவுக்கு முன்னும், பயணத்துக்கு முன்னும், படுக்கைக்குப் போகும்போதும் வரைகிறோம். தந்தை, மகன், தூய ஆவி என்று மூவரைச் சொல்லுகிறோம். ஆனால் மூவரின் பெயர்களால் என்று சொல்லுவதில்லை; பெயரால் என்று ஒருமையில்தான் சொல்லுகிறோம். மூவர் ஆட்கள், கடவுள் ஒருவரே. சின்னக் குறிப்பிடம் படித்த நம் முதியோர் இதைச் சிறுவயதிலேயே மனப்பாடமாகக் கற்றார்கள்.

நாம் எளிதாகச் சொல்லிவிடும் இந்த உண்மை எளிதாக நம் கைக்கு வந்ததன்று. இதைக் காப்பதற்காக ஓர் ஆயர் தம் 45 ஆண்டு ஆயர் பணியில் ஏறத்தாழ 17 ஆண்டுகளை நாடுகடத்தலிலும் தலைமறைவிலும் கழித்தார். அவரே அலெக்சாந்திரியா நகர் ஆயரும் மறைவல்லுநருமான புனித அத்தனாசியார். நம் ஆலயம் யூபிலி கொண்டாடும் இவ்வேளையில் அவருடைய வாழ்வை நினைவுகூர்வது பொருத்தமாகும்.

வேதகலாபனை நாட்களில்

எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா அக்காலத்தில் உரோமைப் பேரரசின் மாபெரும் துறைமுகங்களுள் ஒன்று. நைல் நதிச் சமவெளியில் விளைந்த தானியம் இங்கிருந்துதான் கப்பலேறித் தலைநகருக்குச் சென்றது. கல்விக்கும் தத்துவ விவாதத்துக்கும் பெயர்பெற்ற நகர் அது. அங்கே ஏறத்தாழ கி.பி. 297-ல் அத்தனாசியார் பிறந்தார். அவர் சிறுவனாயிருந்தபோது, 303-ல், தியோக்கிளேசியன் பேரரசன் கிறிஸ்தவர்களுக்கு எதிராகக் கொடிய கலாபனையைத் தொடங்கினான். ஆலயங்கள் இடிக்கப்பட்டன, மறைநூல்கள் தீக்கிரையாயின. 311-ல் நகரின் ஆயர் பேதுருவே வேதசாட்சியாக உயிர்நீத்தார். கிறிஸ்துவைக் கடவுள் என்று வணங்கியதற்காகத் தம் ஊரார் உயிர் கொடுத்ததை அந்தச் சிறுவன் அறிந்து வளர்ந்தான். பிற்காலத்தில் எத்தனை மன்னர்கள் மிரட்டியும் அவர் அசையாமல் நின்றதற்கு வேர் இங்கே இருந்தது என்று சொல்லலாம்.

313-ல் திருச்சபைக்கு விடுதலை கிடைத்தது. ஆயர் அலெக்சாந்தர் இந்த இளைஞரின் அறிவையும் பக்தியையும் கண்டு, அவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். அத்தனாசியார் தியாக்கோனாகி, ஆயரின் செயலராகவும் பணிபுரிந்தார்.

ஆரியுஸ் எழுப்பிய புயல்

அந்நகரின் பௌக்காலிஸ் ஆலயத்தில் ஆரியுஸ் என்னும் குரு இருந்தார். வயதில் முதிர்ந்தவர், தவ ஒழுக்கம் உள்ளவர், நாவன்மை படைத்தவர். கடவுள் ஒருவரே என்பதைக் காக்க வேண்டும் என்பதே தம் எண்ணம் என்று அவர் கூறினார். ஆனால் அதற்கு அவர் கண்ட வழி இது: தந்தை ஒருவரே உண்மைக் கடவுள், மகன் படைக்கப்பட்டவர், படைப்புக்களுள் முதல்வர், எல்லாவற்றிலும் மேலானவர், ஆயினும் படைப்பே, அவர் இல்லாதிருந்த ஒரு நிலையும் உண்டு.

கேட்பதற்கு இது எளிதாயிருந்தது. ஒன்று எப்படி மூன்றாகும் என்று கேட்போருக்குச் சட்டெனப் பதில் சொன்னது. ஆரியுஸ் தம் கொள்கையைப் பாட்டாகவும் இயற்றினார். கப்பலோட்டிகளும் மாவரைப்போரும் வழிப்போக்கரும் பாடும் மெட்டுகளில் அது பரவியது. ஆயர் அலெக்சாந்தர் பலமுறை அறிவுரை கூறிப் பார்த்தார். பயனில்லாததால் எகிப்து, லீபியா நாடுகளின் ஆயர்களைக் கூட்டி ஆரியுஸைச் சபைக்குப் புறம்பாக்கினார். ஆனால் ஆரியுஸுக்குக் கீழை நாடுகளில் செல்வாக்குள்ள நண்பர்கள் இருந்தனர். பூசல் கடல் கடந்து பரவியது.

நிசேயாப் பொதுச்சங்கம்

பேரரசின் ஒற்றுமை குலையும் என்று அஞ்சிய கான்ஸ்தந்தீன் பேரரசன் 325-ல் ஆயர்களை நிசேயா நகருக்கு அழைத்தான். இன்று துருக்கி நாட்டில் இஸ்னிக் என்று வழங்கும் ஊர் அது. வந்த ஆயர்கள் 318 பேர் என்பது மரபு. கலாபனையில் பட்ட தழும்புகளைத் தாங்கியவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். அத்தனாசியார் தம் ஆயருக்குத் துணையாகச் சென்ற தியாக்கோன் மட்டுமே. வாக்களிக்கும் உரிமை அவருக்கு இல்லை.

மறைநூலின் எந்தச் சொல்லை எடுத்து வைத்தாலும் ஆரியுஸின் சார்பினர் அதற்குத் தங்களுக்கேற்ற பொருள் கூறினார்கள். மகன் தந்தையின் சாயல் என்றால், மனிதனும் கடவுளின் சாயலே என்றார்கள். கடவுளிடமிருந்து வந்தவர் என்றால், எல்லாப் பொருளும் கடவுளிடமிருந்தே வந்தன என்றார்கள். ஆகவே தப்பிக்க இடம் தராத ஒரு சொல் தேவைப்பட்டது. மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று சங்கம் அறிக்கையிட்டது. கிரேக்க மொழியில் ஓமோஊசியோஸ் என்பது அச்சொல். லீபியா நாட்டு ஆயர் இருவரைத் தவிர மற்றவர்கள் அறிக்கையில் கையொப்பமிட்டார்கள். ஞாயிறு திருப்பலியில் நிசேயா விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லும்போது நாம் அறிக்கையிடுவது இதையே.

இரு கடவுளரா?

328-ல் ஆயர் அலெக்சாந்தர் மறைந்தபின் அத்தனாசியார் அவருடைய இடத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதளவே. நிசேயாவின் விசுவாசத்தை விளக்குவதே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று. அவருடைய நூல்களின் சாரத்தை இவ்வாறு சுருக்கிக் கூறலாம்.

முதலாவது, ஆரியுஸின் சபையினரும் கிறிஸ்துவை நோக்கிச் செபித்தார்கள். தந்தை, மகன், தூய ஆவி பெயராலேயே ஞானஸ்நானம் கொடுத்தார்கள். மகன் படைப்பு என்றால் அவர்கள் ஒரு படைப்பையல்லவா வணங்குகிறார்கள்? படைத்த கடவுள் ஒருவர், படைக்கப்பட்ட கடவுள் மற்றொருவர் என்று பெரிய தேவன், சின்னத் தேவன் இருவரை ஏற்பதாகத்தானே ஆகும்? கடவுளின் ஒருமையைக் காக்கக் கிளம்பியவர்களே அதை உடைத்துவிட்டார்கள். மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்றால்தான் நாம் வணங்குவது ஒரே கடவுளை.

இரண்டாவது, கடவுள் எக்காலமும் தந்தை. முதலில் தனியே இருந்து, பின்பு ஒரு நாள் தந்தையானவர் அல்லர். கதிரவன் உள்ளபோதே ஒளியும் உண்டு. ஒளியில்லாத கதிரவன் இல்லை. கதிரவன் வேறு, ஒளி வேறு என்று இரண்டாகப் பிரிப்பாரும் இல்லை. அப்படியே தந்தையும் மகனும். கடவுளின் ஒருமை தனிக்கல்லின் ஒருமை போன்றதன்று. அது உயிருள்ள ஒருமை, அன்பின் ஒருமை.

மூன்றாவது, இதுவே அவர் உள்ளத்தை மிகவும் தொட்டது. நம்மைக் கடவுளோடு சேர்க்கக் கடவுளால்தான் முடியும். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் ஒருவன், அதே வெள்ளத்தில் செல்லும் மற்றொருவனைப் பிடித்துக் கரையேற முடியாது. மகனும் நம்மைப்போல் படைப்பு என்றால், அவர் எத்தனை உயர்ந்தவராயினும் நாம் இன்னும் மீட்கப்படவில்லை. ஆகவே இது பண்டிதர்களின் சொற்போர் அன்று. நம் மீட்பைப் பற்றியது என்று அத்தனாசியார் கண்டார்.

ஐந்து நாடுகடத்தல்கள்

எதிரிகள் அவரை வாதத்தில் வெல்ல முடியாமல் வழக்கில் மாட்டினார்கள். அர்செனியுஸ் என்னும் ஆயரைக் கொன்று, அவருடைய கையை வெட்டி மாந்திரீகத்துக்கு வைத்திருக்கிறார் என்று குற்றம் சாட்டினார்கள். 335-ல் தீர் நகரில் நடந்த விசாரணையில் அத்தனாசியார் அந்த அர்செனியுஸையே உயிரோடு, இரண்டு கைகளோடும் கொண்டுவந்து நிறுத்தினார் என்று பண்டைய திருச்சபை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளார்கள். ஆயினும் தலைநகருக்குப் போகும் தானியக் கப்பல்களைத் தடுப்பதாக மிரட்டினார் என்ற புதுக் குற்றச்சாட்டு பேரரசனின் சினத்தைத் தூண்டியது. அத்தனாசியார் இன்றைய ஜெர்மனியிலுள்ள திரியர் நகருக்கு அனுப்பப்பட்டார். இது முதல் நாடுகடத்தல்.

337-ல் கான்ஸ்தந்தீன் இறந்ததும் திரும்பிவந்தார். 339-ல் மீண்டும் விரட்டப்பட்டு உரோமைக்குச் சென்றார். பாப்பரசர் முதலாம் ஜூலியுஸ் அவரை ஆதரித்தார். உரோமையில் கூடிய ஆயர்கள் அவர் குற்றமற்றவர் எனத் தீர்த்தார்கள். ஏழு ஆண்டுக்குப் பின், 346-ல், அவர் ஊர் திரும்பியபோது மக்கள் வெகுதூரம் எதிர்கொண்டு சென்று வரவேற்றார்கள்.

மூன்றாம் முறை வந்த துன்பமே கொடியது. கான்ஸ்தந்தியுஸ் பேரரசன் ஆரியுஸின் சார்பினரை ஆதரித்தான். பாப்பரசர் லிபேரியுஸே நாடுகடத்தப்பட்டார். ஆயர்கள் பலர் அச்சத்தால் அத்தனாசியாருக்கு எதிராகக் கையொப்பமிட்டார்கள். 356 பிப்ரவரியில் ஓர் இரவு அத்தனாசியார் மக்களோடு ஆலயத்தில் விழித்திருந்து செபித்துக்கொண்டிருந்தபோது, படைவீரர்கள் ஆலயத்தைச் சூழ்ந்தார்கள். ஆயர் தம் இருக்கையைவிட்டு எழவில்லை. இறைவனின் என்றுமுள்ள இரக்கத்தைப் புகழும் சங்கீதத்தை வாசிக்கும்படி தியாக்கோனிடம் சொன்னார். மக்கள் பதிலுரை கூறினார்கள். வீரர்கள் கதவை உடைத்து உள்ளே புகுந்தார்கள். மக்கள் வெளியேறும்வரை தாம் போகமாட்டேன் என்று அவர் உறுதியாய் நின்றார். கடைசியில் துறவிகளும் குருக்களும் அவரைப் பிடித்திழுத்து வெளியே கொண்டுபோனார்கள்.

அடுத்த ஆறு ஆண்டுகள் எகிப்தின் பாலைவனத் துறவிகள் அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். தம் மக்களுக்குக் கடிதங்களும், விசுவாசத்தை விளக்கும் நூல்களும் அவர் அங்கிருந்து எழுதினார். நாம் அன்போடு வணங்கும் வனத்து அந்தோனியாரை அவர் நேரில் அறிந்தவர். அப்புனிதரின் வரலாற்றை உலகுக்குத் தந்ததும் அத்தனாசியாரின் எழுதுகோலே.

மறுதலித்த ஜூலியான் பேரரசன் 362-ல் நான்காம் முறை அவரை வெளியேற்றினான். நைல் நதியில் படகில் தப்பிச் சென்றபோது, தேடிவந்த படகை நோக்கித் தம் படகையே திருப்பச் சொன்னாராம். வீரர்கள் அத்தனாசியாரைக் கண்டதுண்டா என்று கேட்க, அவர் அருகில்தான் இருக்கிறார் என்ற பதில் கிடைத்தது. அவர்களும் விரைந்து கடந்து போனார்கள்! ஐந்தாம் முறை, 365-ல், வாலென்ஸ் பேரரசன் காலத்தில் தம் குடும்பக் கல்லறையில் சில மாதங்கள் ஒளிந்திருந்தார் என்பர். மக்களின் கொந்தளிப்பைக் கண்ட மன்னன் 366-ல் அவரைத் திரும்ப விட்டுவிட்டான்.

சொல்லில் வேற்றுமை, விசுவாசத்தில் ஒருமை

அத்தனாசியார் மென்மையான மனிதர் அல்லர். கடுமையானவர் என்ற குறை அவர் காலத்திலேயே அவர்மேல் கூறப்பட்டது. ஆனால் 362-ல், பாலைவனத்திலிருந்து திரும்பிய சில மாதங்களில், அவர் செய்த ஒரு காரியம் அவருடைய மனத்தைக் காட்டுகிறது. நிசேயாவின் விசுவாசத்தை ஏற்றவர்களிடையிலேயே பிளவு இருந்தது. இப்போஸ்தாசிஸ் என்ற கிரேக்கச் சொல்லைச் சிலர் ஆள் என்ற பொருளில் எடுத்து, கடவுளில் மூன்று உண்டு என்றார்கள். வேறு சிலர் அதே சொல்லை இயல்பு என்ற பொருளில் எடுத்து, ஒன்றே உண்டு என்றார்கள். முன்னவரைப் பின்னவர் மூன்று கடவுளரை வணங்குவோர் என்றார்கள். பின்னவரை முன்னவர் மகனையும் தூய ஆவியையும் மறுப்போர் என்றார்கள்.

அத்தனாசியார் அலெக்சாந்திரியாவில் ஆயர்களைக் கூட்டினார். இரு தரப்பாரையும் நீங்கள் எந்தப் பொருளில் சொல்லுகிறீர்கள் என்று பொறுமையாகக் கேட்கச் செய்தார். நீங்கள் மூன்று கடவுளரைச் சொல்லுகிறீர்களா என்று கேட்டபோது முன்னவர்கள் இல்லை என்றார்கள். மகனையும் ஆவியையும் மறுக்கிறீர்களா என்று கேட்டபோது பின்னவர்களும் இல்லை என்றார்கள். இருவரும் ஒரே விசுவாசத்தையே வேறு சொல்லால் சொல்லுகிறார்கள் என்று விளங்கியது. சங்கம் இரு சாராரையும் ஏற்றுக்கொண்டது. ஒரு சொல்லுக்காக ஊர் ஊராய் விரட்டப்பட்டவர், விசுவாசம் ஒன்றாயிருந்தபோது வேறு சொல்லைப் பொறுத்துக்கொண்டார். எதை விடக்கூடாது, எதை விடலாம் என்று அறிவதே ஞானம்.

தூய ஆவியும் படைப்பல்லர், தந்தையோடும் மகனோடும் ஒரே கடவுள் என்பதையும் தம் நண்பர் ஆயர் செராப்பியோனுக்கு எழுதிய கடிதங்களில் அவர் நிலைநாட்டினார். 367-ல் பாஸ்கு விழாவை முன்னிட்டு அவர் எழுதிய கடிதத்தில், இன்று நம்மிடமுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் வரிசையாகக் குறிக்கப்பட்டுள்ளன. அவர் பெயரால் வழங்கும் விசுவாசப் பிரமாணம் ஒன்றும் உண்டு. அது பிற்காலத்தில் இலத்தீனில் எழுதப்பட்டதாயினும், அவருடைய போதனையின் சாரத்தையே கொண்டிருப்பதால் அவர் பெயரைத் தாங்கி நின்றது.

அவர் விட்டுச் சென்றது

373 மே 2-ஆம் நாள், கடைசி ஏழு ஆண்டுகள் தம் மக்களோடு அமைதியாய் வாழ்ந்தபின், அத்தனாசியார் ஆண்டவரில் துயில்கொண்டார். தம் போராட்டத்தின் வெற்றியை அவர் காணவில்லை. எட்டு ஆண்டு கழித்து, 381-ல், கான்ஸ்தாந்திநோப்பிள் பொதுச்சங்கம் நிசேயாவின் விசுவாசத்தை மீண்டும் உறுதிசெய்தது. 1973-ல், அவர் மறைந்து 1600 ஆண்டு நிறைவில், பாப்பரசர் ஆறாம் சின்னப்பரும் எகிப்து கோப்துத் திருச்சபையின் தலைவர் மூன்றாம் ஷெனூடாவும் உரோமையில் சந்தித்தார்கள். நூற்றாண்டுகளாகப் பிரிந்திருந்த இரு சபைகளின் தலைவர்கள், மூவொரு கடவுளில் தங்கள் பொது விசுவாசத்தை ஒன்றாக அறிக்கையிட்டார்கள். புனிதரின் திருப்பண்டத்தில் ஒரு பகுதியும் எகிப்துக்குத் திரும்பியது. 2025-ல் நிசேயாச் சங்கத்தின் 1700-வது ஆண்டை உலகெங்கும் கிறிஸ்தவர்கள் கொண்டாடினார்கள்.

அன்பர்களே, நம் ஆலயத்தின் ஞானஸ்நானப் புத்தகத்தில் எத்தனை தலைமுறையின் பெயர்கள் உள்ளன! அவர்கள் ஒவ்வொருவர் தலையிலும் தண்ணீர் ஊற்றப்பட்டது ஒரே கடவுளின் பெயரால். மூவர் ஒருவராயிருக்கும் அந்த இறைவனைத் தந்தையென்று அழைக்கும் நாம், தெருவாலும் குடும்பத்தாலும் பழைய மனத்தாங்கலாலும் பிரிந்து நிற்பது தகுமா? கடவுளின் ஒருமையைச் சொல்லால் காத்த புனிதரை வாழ்த்தும் நாம், அந்த ஒருமையைப் பங்கு வாழ்வில் காட்டுவோமாக. அதுவே இந்த யூபிலிக்கு நாம் எடுக்கும் சிறந்த விழா.

புனித அத்தனாசியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.