ஹவாய் இளவரசர் கூஹியோ

பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே அமைந்த ஹவாய்த் தீவுகள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஐம்பதாவது இராஜ்யமாகும். அந்நிலையை வேண்டி முதன்முதல் மசோதாக் கொணர்ந்தவர் அரசிழந்த குலத்து இளவரசர் ஒருவர். அவர் சரித்திரத்தை நம் அங்கத்தினர் பொருட்டுச் சுருங்க உரைப்போம்.

ஜோனா கூஹியோ 1871ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 26ஆம் நாள் கவாய்த் தீவில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தமையால், பெரிய தாயாராகிய கபியோலானி இராணியார் அவரை வளர்த்தனர். 1893இல் அந்நிய வர்த்தகர் முதலியோர் கூடி லிலியுவோகலானி அரசியாரை நீக்கினர். 1895இல் அரசியாரை மீட்க எழுந்த கலகத்திற் சேர்ந்த கூஹியோ சிறையில் இடப்பட்டார். 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் சேர்க்கப்பட்டன. 1900ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைப் 'பிரதேசம்' ஆக்கிற்று.

பிரதேசம் வேறு, இராஜ்யம் வேறு. அக்காலத்தில் பிரதேசத்தின் கவர்னரை அமெரிக்க ஜனாதிபதியே நியமித்து வந்தார். ஜனங்கள் காங்கிரஸ் மகாசபைக்கு ஒரே பிரதிநிதியை அனுப்பலாம். அவரும் பேசலாமேயன்றி வோட்டளித்தல் இயலாது. இவ்வளவு குறைந்த அதிகாரமுடைய ஸ்தானத்தையே கூஹியோ 1903 முதல் இறுதிவரை வகித்தார்.

1919இல் அவர் கொணர்ந்த இராஜ்ய மசோதா நிறைவேறவில்லை. நிலமிழந்து நலிந்த தம் மக்களுக்கு நிலம் வழங்கும் சட்டத்தையோ 1921இல் நிறைவேற்றுவித்தார். சுமார் 2,00,000 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகையில் 99 ஆண்டுக் குத்தகை. முப்பத்திரண்டில் ஒரு பங்கு ஹவாய் இரத்தம் உடையார்க்கும் நிலம் வேண்டுமென அவர் கேட்டார். கரும்புத் தோட்ட முதலாளிகளின் எதிர்ப்பால் அது பாதிப் பங்கு என முடிந்தது. கரும்பு விளையும் நல்ல நிலங்களும் விலக்கப்பட்டன. ஆயினும் கிடைத்ததை அவர் உதறிவிடவில்லை. 1922 ஜனவரி 7ஆம் நாள் இவ்வுலகு நீத்தார்.

முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்தன. 1959ஆம் ஆண்டு மார்ச்சில் காங்கிரஸ் ஹவாயை இராஜ்யமாக்கச் சட்டமியற்றிற்று. ஜூனில் ஜனங்கள் வோட்டளித்து இசைந்தனர். ஆகஸ்டு 21ஆம் நாள் ஜனாதிபதி பிரகடனம் செய்தார். அவ்வேற்பாட்டில் ஒரு நிபந்தனை இருந்தது. கூஹியோவின் நிலச் சட்டத்தைப் புதிய இராஜ்யம் தன் அரசியல் அமைப்பிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன் முக்கியப் பகுதிகளை அமெரிக்க ஐக்கிய நாட்டின் சம்மதமின்றி மாற்றலாகாது.

வோட்டில்லாத ஒருவர் இயற்றுவித்த சட்டம் இவ்வாறு ஓர் இராஜ்யத்தின் பிறப்பு நிபந்தனையாயிற்று. நிலத்துக்கு விண்ணப்பித்துப் பல்லாண்டு காத்திருந்தே மாண்டோரும் உளர். ஆதலின் அவர் பணி முற்றுப்பெற்றதென்று சொல்லோம். எனினும், ஒரு சமூகத்தின் உரிமை வாய்ச்சொல்லாய் நில்லாமல் சட்டத்தில் ஏறல் வேண்டும் என்பதை இவர் வாழ்வு நமக்கு விளக்குகின்றது. நம் இளைஞர் சட்டநூல் கற்க முற்படுவாராக.