கபிட்சாவின் காந்தம்

ரஷ்ய நாட்டின் கிரான்ஸ்டாட் நகரில் 1894ஆம் ஆண்டு பிறந்தவர் பியோத்தர் கபிட்சா. மின்பொறியியல் கற்றுத் தேர்ந்த அவ்விளைஞரைப் பெருந்துயர் ஒன்று தாக்கியது. 1919ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில் மனைவி, இரு மக்கள், தந்தை ஆகிய நால்வரையும் அடுத்தடுத்து நோய்க்குப் பறிகொடுத்தார்.

1921இல் அவர் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜில் பேராசிரியர் ரூதர்போர்டிடம் இடம் கேட்டார். ஆய்வுக்கூடத்தில் இடமில்லை என்றார் பேராசிரியர். தங்கள் சோதனைகளில் எவ்வளவு பிழை நேரலாம் என வினவினார் கபிட்சா. நூற்றுக்கு இரண்டு மூன்று என விடை வந்தது. அவ்வாறாயின், முப்பது பேருடன் ஒருவர் கூடுவது அப்பிழைக்குள் அடங்கிவிடுமே என்றாராம். இடம் கிடைத்தது!

கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் காந்தப்புலம் தோன்றும். மின்சாரத்தை மிகுத்தால் புலமும் மிகும்; ஆனால் சுருள் சூடேறி உருகிவிடும். இரும்பைத் துணைக்கொண்டாலும் ஓர் எல்லைக்குமேல் பயனில்லை. கபிட்சா வேறுவிதமாகச் சிந்தித்தார். சுருள் சூடேறுவதற்குள் சோதனையை முடித்துவிட்டால் என்ன? ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரமே நிலைக்கும் புலம் போதும் என்று துணிந்தார்.

அதற்கெனப் பெரிய மின்னாக்கி ஒன்றை அமைத்தார். வேகமாகச் சுழலும் அதன் மின்சாரம் முழுவதும் நொடிப்பொழுதில் சுருளுக்குள் பாயும். அப்போது பொறி அதிர, தரையும் நடுங்கும். அந்நடுக்கம் நுண்ணிய அளவீடுகளைக் கெடுக்குமன்றோ? ஆதலின் சுருளை 20 மீட்டர் தள்ளி வைத்தார். நடுக்கம் அங்கு வந்து சேர்வதற்குள் சோதனை முடிந்துவிடும். எத்தகைய நுட்பம்! ஒரு முறை சுருள் பேரொலியுடன் வெடித்தது. அவரோ, விபத்து எவ்வாறிருக்கும் என்பது தெளிவாயிற்று என மகிழ்ந்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். முடிவில் 3,20,000 காஸ் அளவுள்ள புலத்தை எய்தினார். நிலவுலகின் காந்தப்புலம் ஏறத்தாழ அரை காஸ் மட்டுமே. இக்காலத்து அறிஞர்கள் லேசர் ஒளியைச் சிறு உலோகச் சுருளமைப்பின்மேல் பாய்ச்சி, விநாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரம் மட்டும், அதனினும் வலிய புலங்களை எழுப்புகின்றனர். குறுகிய நேரத்தில் பெருவலிமை என்னும் வழி அதுவேயாகும்.

1934இல் தாயகம் சென்ற கபிட்சாவை இங்கிலாந்து திரும்ப அரசு அனுமதிக்கவில்லை. பதின்மூன்று ஆண்டு உழைப்பு கேம்பிரிட்ஜில் தங்கிவிட்டது. அவரை மீட்க முயன்று இயலாமற்போகவே, ரூதர்போர்டு அப்பொறிகளையே 30,000 பவுன் விலைக்கு மாஸ்கோவுக்கு அனுப்ப இசைந்தார். மாணவரைப் பிரிந்தும் அவருடைய ஆராய்ச்சி நின்றுவிடலாகாது எனக் கருதிய ஆசிரியர் அவர்!

மாஸ்கோவில் கபிட்சா திரவ ஹீலியத்தை ஆராய்ந்தார். மிகுந்த குளிரில் அது உராய்வின்றி ஓடுவதைக் கண்டு 1938இல் வெளியிட்டார். அதே ஆண்டில் லாண்டாவ் என்னும் இளம் விஞ்ஞானி சிறைப்பட்டார். வாய்திறக்க அஞ்சிய காலம் அது. கபிட்சா அரசுத் தலைமைக்கு எழுதி, தாமே பிணை நின்று, 1939இல் அவரை மீட்டார். 1946இல் அவரே பதவியிழக்க நேர்ந்தது. ஊர்ப்புற வீட்டில் சிறு ஆய்வுக்கூடம் அமைத்து உழைப்பைத் தொடர்ந்தார். 1955இல் மீண்டும் தம் நிலையத்தின் தலைவரானார்.

குளிர்நிலை ஆராய்ச்சிக்காக 1978இல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 84. பரிசுச் சொற்பொழிவில் அப்பொருளை அவர் பேசவில்லை. அதைவிட்டு முப்பது ஆண்டுகள் ஆயின எனக் கூறி, அணுக்கருக்கள் இணையும்போது பிறக்கும் ஆற்றலை மனிதர் ஆளும் வழியைப் பற்றியே விளக்கினார். 1984இல் அவர் மறைந்தார்.