பொம்மைகள் குடியிருந்த தெரு

1960-களின் இறுதியில் எங்கள் ராசிபுரம் பக்கத்துக் கிராமத்தில் மாரியம்மன் திருவிழாவின்போது ஓரிரவு பொம்மலாட்டம் நடக்கும். சேலம் வட்டாரத்துப் பொம்மைகள் மரத்தால் செய்யப்பட்டவை. பத்துக் கிலோ வரை எடையுள்ள பொம்மையின் நூல்களை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, அதை மகுடம்போலத் தலையில் சூடிக்கொண்டு, பொம்மையின் கைகளைக் கம்பிகளால் இயக்குவார் கலைஞர். அரிச்சந்திரன் சுடலை காக்கும் காட்சியில் சிறுவர்களாகிய நாங்கள் அழுவோம். திரைக்குப் பின்னால் ஆள் இருக்கிறார் என்பது தெரிந்தும் அழுவோம்.

அண்மையில் என் பேத்தி கைப்பேசியில் ஒரு பச்சைத் தவளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது அந்த இரவுகள் நினைவுக்கு வந்தன. தவளையின் பெயர் கெர்மிட். அதைப் படைத்தவர் ஜிம் ஹென்சன்.

ஹென்சன் 1936 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். தந்தை அரசு வேளாண்மை ஆய்வாளர். திருச்செங்கோட்டுப் பக்கம்போல அதுவும் பருத்தி விளையும் சமவெளி. ஆனால், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே பள்ளியில் படிக்க இயலாத நிலம். பின்னர் குடும்பம் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. ஹென்சனை ஈர்த்தது தொலைக்காட்சி. அதில் நுழைய ஒரு வழி தேடியபோது பொம்மலாட்டம் வாய்த்தது. பொம்மை செய்யும் பாடம் மனையியல் துறையில் இருந்ததால் அதிலேயே பட்டம் பெற்றார்.

1955-இல், கல்லூரி மாணவராக இருந்தபோதே, உள்ளூர்த் தொலைக்காட்சியில் சிறு நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். தாயின் பழைய மேலங்கித் துணியையும், இரண்டாக வெட்டிய பிங்பாங் பந்தையும் கொண்டு கெர்மிட்டை உருவாக்கியது அப்போதுதான். அந்நிகழ்ச்சியில் உடன் உழைத்த ஜேன் நெபெலையே 1959-இல் மணந்துகொண்டார்.

அவர் செய்த மாற்றம் எளிமையானது. தொலைக்காட்சிப் பெட்டியின் சட்டகமே மேடை என்று கொண்டு, தனி மேடையை நீக்கினார். மரமுகத்துக்குப் பதில் துணியும் நுரைப்பஞ்சும் வந்தன. உள்ளே நுழைந்த விரல்களின் அசைவில் பொம்மையின் முகம் வியந்தது, வாடியது, யோசித்தது. கலைஞர் கையைத் தலைக்கு மேல் உயர்த்தியபடி, சிறு திரையில் தன் பொம்மையைத் தானே பார்த்துக்கொண்டு நடித்தார்.

அமெரிக்க ஏழைக் குழந்தைகள் முதல் வகுப்பில் சேரும்போதே பின்தங்கியிருப்பது 1960-களில் அங்கே பெரும் கவலையாக இருந்தது. அதற்கு மருந்தாகத் தொலைக்காட்சியைப் பயன்படுத்தலாம் என்று ஜோன் கான்ஸ் கூனி முனைந்தார். அவர் தொடங்கிய நிறுவனத்தின் ‘செசமி ஸ்ட்ரீட்’ 1969 நவம்பர் 10 அன்று ஒளிபரப்பானது. விளம்பரப் படங்களில் நன்கு பொருளீட்டி வந்த ஹென்சன் இந்தப் பணியில் இணைந்தார்.

அந்தத் தெருவைப் பற்றி நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. கற்பனையையும் நிஜத்தையும் கலந்தால் குழந்தைகள் குழம்புவர் என்று உளவியலாளர்கள் எச்சரித்ததால், தெருக்காட்சிகளில் முதலில் மனிதர்கள் மட்டுமே இருந்தனர். முன்னோட்டத்தில் அக்காட்சிகள் வந்ததும் குழந்தைகளின் கவனம் சிதறியது. உடனே ஹென்சன் குழுவினர் ஒரு பெரிய மஞ்சள் பறவையையும், குப்பைத் தொட்டிக்குள் வாழும் சிடுமூஞ்சி ஒன்றையும் அத்தெருவில் குடியேற்றினர். குழந்தைகள் குழம்பவில்லை. அரிச்சந்திரனுக்காக அழுத நாங்களும் குழம்பியதில்லை.

கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அண்டை வீட்டாராக வாழ்ந்த அந்தத் தெருவை எல்லோரும் வரவேற்கவில்லை. 1970-இல், ஹென்சன் பிறந்த மிசிசிப்பி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி ஆணையமே நிகழ்ச்சிக்குத் தடை விதித்தது. கடும் கண்டனம் எழவே, 22 நாள்களில் தடை நீங்கியது.

ஹென்சன் பின்னர் பெரியவர்களும் ரசிக்கும் ‘மப்பெட் ஷோ’வைத் திட்டமிட்டார். அமெரிக்க நிறுவனங்கள் கைவிரிக்க, பிரிட்டனில் தயாரான அந்நிகழ்ச்சி 1976 முதல் 1981 வரை உலகெங்கும் வலம் வந்தது. 1990 மே 16 அன்று, மிகத் தாமதமாக மருத்துவமனைக்குச் சென்ற நிலையில், பாக்டீரியா தொற்றால் 53 வயதில் காலமானார். தன் நினைவுக் கூட்டத்துக்கு எவரும் கறுப்பு உடையில் வரக் கூடாது என்று முன்பே எழுதி வைத்திருந்தார்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் ஒரு செய்தி என்னைக் கவர்ந்தது. மெலிசா கியர்னி, பிலிப் லெவைன் என்ற பொருளியலாளர்களின் ஆய்வு 2019-இல் வெளியானது. 1969-இல் சில ஊர்களில் ஒளிபரப்பு அலை தெளிவாகக் கிடைத்தது. சில ஊர்களில் கிடைக்கவில்லை. தெளிவாகக் கிடைத்த ஊர்களின் குழந்தைகள், வயதுக்கேற்ற வகுப்பில் பின்தங்காமல் படித்தது கூடியிருந்தது. பின்தங்கிய பகுதிகளில் இப்பலன் மேலும் துலக்கமாக இருந்தது. குழந்தை ஒன்றுக்கு ஆன செலவோ மிகச் சொற்பம். ஒருவர் பார்ப்பதால் மற்றவருக்குக் குறையாத பண்டத்தைப் பொதுப்பண்டம் என்கிறோம். அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை என் வகுப்பறையில் நான் தந்ததில்லை.

இந்தியாவில் 2006-இல் ‘கலி கலி சிம் சிம்’ என்ற பெயரில் அந்தத் தெரு இந்தி பேசியது. நம்மிடம் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் இயங்குகிறது. சேலத்திலும் கும்பகோணத்திலும் பொம்மலாட்டக் கலைஞர்கள் இன்னும் இருக்கின்றனர். அவர்களை விழா மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது நம் வழக்கம். அதற்குப் பதிலாக அந்தக் கலைஞர்களையும், அங்கன்வாடிப் பணியாளர்களையும், குழந்தை உளவியல் அறிந்தோரையும் ஒரே மேசையில் அமர்த்தலாம். அவர்கள் உருவாக்குவதை முதலில் நாமக்கல், சேலம் மையங்கள் சிலவற்றில் குழந்தைகளுக்குக் காட்டி, கவனம் எங்கே சிதறுகிறது என்று பார்த்துத் திருத்தலாம். ஹென்சன் குழுவினர் செய்ததும் அதுதான்.

பேத்தி அந்தத் தவளையின் மொழி முழுதும் புரியாமலேதான் சிரித்தாள். அவளுக்குப் புரியும் மொழியில் பேசும் பொம்மைகள் ராசிபுரத்துத் தெரு ஒன்றில் குடியேறுமானால், அந்தத் தெருவின் முதல் ரசிகர்களாக நாங்கள் இருவரும் இருப்போம்.