வலங்கைமான் தந்த வெள்ளி நாக்கு

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், மாணவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்று சங்கத்தார் கேட்டதும் எனக்கு மகாகனம் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் ஞாபகம்தான் வந்தது. நம் பிள்ளைகள் பலர் பாடத்தில் கெட்டிக்காரர்கள். ஆனால் இன்டர்வியூ என்றால் வாயடைத்துப் போகிறார்கள். தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்ற பயம்தான் காரணம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சாஸ்திரியார் 1869-இல் தஞ்சை மாவட்டத்து வலங்கைமானில், ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர். வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் கிடையாது. கும்பகோணத்தில் பள்ளிப் படிப்பு. பட்டம் பெற்றபின் சேலம் முனிசிபல் கல்லூரியில் ஆசிரியர் வேலை. பிறகு சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். அந்த மனிதரைத்தான் பிற்காலத்தில் ஆங்கிலேயர்களே வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று கொண்டாடினார்கள். வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே மெருகேற்றிக்கொண்ட ஆங்கிலம் அது.

1907-இல் பள்ளி வேலையை விட்டுவிட்டு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915-இல் கோகலே மறைந்ததும் சங்கத்தின் தலைவரானார். 1921-இல் லண்டன் இம்பீரியல் மாநாட்டிலும் ஜெனீவா சர்வதேச சங்கத்திலும் இந்தியாவுக்காகப் பேசினார். 1922-இல் ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, கனடா சென்று அங்கே குடியேறிய இந்தியர்களின் உரிமைக்காக வாதாடினார். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் ஏஜெண்ட். அங்கிருந்த இந்தியக் குழந்தைகளுக்கு உயர்கல்வி வேண்டும் என்று அவர் பாடுபட்டதன் பலனாக, டர்பனில் அவர் பெயரிலேயே சாஸ்திரி கல்லூரி எழுந்தது. கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அதில் படித்து ஆளானார்கள். நல்ல ஆங்கிலம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

அவர் மிதவாதி. ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்காதவர். அதற்காக ஏச்சும் பேச்சும் நிறையவே வாங்கினார். ஆனாலும் காந்தியடிகளுக்கும் அவருக்கும் இருந்த நட்பு குறையவில்லை. தம் ஆங்கிலத்தில் உள்ள பிழைகளைச் சொல்லும்படி காந்தியடிகள் அவரைக் கேட்டுக்கொள்வதுண்டு. காந்தியடிகளின் சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார் அல்லவா? அதன் 1940-ஆம் ஆண்டுப் பதிப்பை ஓர் ஆங்கில அறிஞர் வரிவரியாகத் திருத்திக் கொடுத்தார். தம் பெயரை வெளியிடக் கூடாது என்பதே அவர் போட்ட நிபந்தனை. அந்தப் பெரியவர் சாஸ்திரியார்தான் என்பது பரவலான கருத்து. தேசத்தின் தலைவரே பிழை திருத்தச் சொல்லிக் கேட்கிறார். திருத்தியவரோ ஊருக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு பேரிடமும் நாம் கற்க வேண்டியது இருக்கிறது.

சரி, நம் பிழைகளுக்கு வருவோம். பலவும் தமிழை அப்படியே ஆங்கிலத்தில் ஏற்றுவதால் வருபவை. ஒன்றைப் பற்றி விவாதிப்பது நம் வழக்கம். அதனால் டிஸ்கஸ் அபௌட் என்கிறோம். டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே அந்தப் பற்றி அடங்கிவிட்டது, அபௌட் வேண்டாம். ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ் என்பதும் அப்படித்தான். அண்ணன் தம்பி இருப்பது நடந்துகொண்டிருக்கும் வேலை இல்லையே! ஐ ஹேவ் போதும்.

சில இடங்களில் தமிழே கைகொடுக்கும். ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் என்று சொல்லப் போகிறீர்களா? தமிழில் நண்பர்களில் ஒருவர் என்று பன்மைதானே வருகிறது? ஆங்கிலத்திலும் ஃப்ரெண்ட்ஸ்தான். டிட் நாட் வென்ட் என்று வாயில் வந்தால் போகவில்லை என்பதை நினையுங்கள். போக என்பதில் காலம் ஏதும் இல்லை. அதேபோல் டிட் வந்துவிட்டால் கோ மட்டும் போதும்.

வாரத்துக்கு ஒரு பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் தப்பை எழுதாதீர்கள், சரியான வாக்கியத்தை மட்டும் எழுதி, பத்து முறை உரக்கச் சொல்லுங்கள். அந்த வாரம் முழுக்கப் பேச்சில் அதைப் பயன்படுத்துங்கள். பேசப் பேசத்தான் நாக்கு திரும்பும்.

சாஸ்திரியார் 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1944-இல் மயிலாப்பூரில் ராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்திலேயே தொடர் சொற்பொழிவு செய்தார். 1946 ஏப்ரலில் காலமானார்.

பழைய மாணவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த பிள்ளை ஆபீசில் தப்பாகப் பேசினால் நாலு பேர் எதிரில் சிரிக்காதீர்கள். தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். மாணவர்களே, நீங்கள் தப்பு வந்தாலும் வாயைத் திறந்து பேசுங்கள். திருத்தச் சொல்லிக் கேட்பது கேவலம் இல்லை, காந்தியடிகளே கேட்டார்.