ஆட்டோ சங்கர்

ஆட்டோ சங்கர் (1954 - ஏப்ரல் 27, 1995) என்று பரவலாக அறியப்பட்ட கௌரி சங்கர், தமிழ்நாட்டில் ஆறு பேரைக் கொலை செய்த குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டவர். சிறையில் இவர் எழுதியதாகக் கூறப்படும் தன்வரலாறு தொடர்பான வழக்கு, இந்தியாவில் பத்திரிகைச் சுதந்திரம், அந்தரங்க உரிமை ஆகியவை குறித்த முன்னோடித் தீர்ப்புக்கு வழிவகுத்தது.

வாழ்க்கை

வேலூரை அடுத்த காங்கேயநல்லூரில் பிறந்த சங்கர், சென்னை திருவான்மியூரில் வாழ்ந்தார். தொடக்கத்தில் வண்ணம் பூசும் தொழிலாளியாகவும் பின்னர் ஆட்டோ ஓட்டுநராகவும் இருந்தார். மாமல்லபுரம் வரையிலான கடற்கரைப் பகுதியில் நடைபெற்ற கள்ளச் சாராயக் கடத்தலில் ஈடுபட்ட இவர், பின்னர் பாலியல் தொழிலையும் நடத்தினார். கொலையுண்டோரின் உடல்கள் வீடுகளுக்குள் புதைக்கப்பட்டன அல்லது எரிக்கப்பட்டுக் கடலில் வீசப்பட்டன.

வழக்கும் தண்டனையும்

விசாரணைக் கைதியாக இருந்தபோது 1990 ஆகஸ்ட் மாதம் சென்னை மத்திய சிறையிலிருந்து கூட்டாளிகளுடன் தப்பினார். பின்னர் ஒரிசா மாநிலத்தின் (இன்றைய ஒடிசா) ரூர்கேலாவில் பிடிபட்டார். செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் 1991 மே 31 அன்று இவருக்கு மரண தண்டனை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1992 ஜூலை 17 அன்று அதனை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் 1994 ஏப்ரல் 5 அன்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

தன்வரலாறு

1991இல் சிறையில் இருந்தபோது சங்கர் ஏறத்தாழ 300 பக்கங்களில் தன்வரலாற்றை எழுதினார் என்றும், சிறை அதிகாரிகளின் அறிவுடனேயே அது வெளியே கொடுக்கப்பட்டது என்றும் நக்கீரன் வார இதழ் தெரிவித்தது. காவல், சிறைத்துறை அதிகாரிகள் சிலருக்குச் சங்கருடன் இருந்த தொடர்புகள் அதில் இடம்பெற்றிருந்ததாகவும் கூறியது. 1994 மே மாதம் தொடர் அறிவிக்கப்பட்டு, ஜூன் முதல் வெளிவரத் தொடங்கியது. அதனைச் சங்கர் எழுதவில்லை எனக் கூறிய சிறைத்துறைத் தலைவர், வெளியீட்டை நிறுத்துமாறும் தவறினால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் ஜூன் 15 நாளிட்ட கடிதத்தில் எழுதினார். இதழாசிரியர் ஆர். ராஜகோபால் (நக்கீரன் கோபால்) உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

நீதிபதிகள் பி. பி. ஜீவன் ரெட்டி, சுகாஸ் சி. சென் ஆகியோர் 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பு வழங்கினர். நூலை எழுதியவர் யார் என்ற கேள்வியை அவர்கள் முடிவு செய்யவில்லை. சங்கர் எழுதவில்லை, அனுமதிக்கவுமில்லை என்று வைத்துக்கொண்டே வழக்கை ஆராய்ந்தனர். தீர்ப்பின் முக்கியக் கூறுகள்:

* தனித்து விடப்படும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையில் அடங்கும்.
* நீதிமன்றப் பதிவேடு போன்ற பொது ஆவணங்களில் உள்ள செய்திகளை ஒருவரது இசைவின்றியும் வெளியிடலாம். அதற்கு அப்பால் சென்றால் இதழ் பொறுப்பேற்க நேரிடும்.
* பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற குற்றங்களுக்கு ஆளான பெண்களின் பெயர் வெளியிடப்படக் கூடாது.
* அவதூறு நேரும் என்ற அச்சத்தால் அரசோ அதிகாரிகளோ வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது. வெளிவந்த பின்னரே பரிகாரம் தேடலாம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964இல் நியூயார்க் டைம்ஸ் வழக்கில் அளித்த தீர்ப்பும் இதில் எடுத்தாளப்பட்டது.

இறப்பும் தாக்கமும்

தீர்ப்பு வந்து ஏழு மாதங்களுக்குள் சங்கர் சேலம் மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1990இல் வெளியான புலன் விசாரணை திரைப்படம் இவரது வழக்கைத் தழுவியது. 2019இல் இவரது பெயரிலேயே இணையத் தொடர் ஒன்று வெளியானது. அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்த 2017ஆம் ஆண்டின் புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு இத்தீர்ப்பையும் கருத்தில் கொண்டது.